போனால் போகட்டும் என்று வாங்கும் துப்பாக்கி

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இதழில் அமெரிக்கப் பண்ணை வாழ்க்கை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பிக்கப் வண்டியில் போட்டு வைக்க, ராணுவம் கழித்துக்கட்டிய பழைய ரைஃபிளை ஏன் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று அதில் ஒரு பத்தி வருகிறது. நீளம் குறைவு, விலை குறைவு, திருடு போனாலும் மனசு வலிக்காது என்று மூன்று காரணம் சொல்லியிருக்கிறார் கட்டுரையாளர். மூன்றாவது காரணத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்தவள். மேற்கு டெக்சாஸில், சான் ஏஞ்சலோவுக்குத் தெற்கே ஆடும் மாடும் மேய்கிற பகுதியில் வேலை பார்க்கிறேன். நம் சீமைக்கருவேலத்தின் பங்காளி மரம்தான் இங்கே காடெல்லாம். இங்கே வரும்வரை துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. மருத்துவருக்கு எதற்குத் துப்பாக்கி என்று கேட்பீர்கள். ஓடைப் பள்ளத்தில் விழுந்து முன்னங்கால் இரண்டும் முறிந்த மாட்டை நினைத்துப் பாருங்கள். ஊர் 60 கிலோமீட்டருக்கு அப்பால். ஊசி போட்டு முடித்துவிடலாம். ஆனால் அந்த மருந்து, பென்டோபார்பிட்டால், செத்த உடலிலேயே தங்கிவிடும். சுண்ணாம்புப் பாறை மண்ணில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்க முடியாது. மேலே கிடக்கும் உடலைத் தின்னும் கழுகும் காட்டு நாயும் சேர்ந்து சாகும். அந்த இடத்தில் சரியாக வைத்த ஒரு குண்டுதான் மாட்டுக்கும் நல்லது, மற்றதற்கும் நல்லது. காட்டுப்பன்றித் தொல்லை வேறு இருக்கிறது.

கிரீன் கார்டு வந்த பிறகு, 2009-ல், ஒரு துப்பாக்கிச் சந்தையில் முதல் ரைஃபிளை வாங்கினேன். அப்போது ரஷ்ய மோசின் நாகன்ட் ரைஃபிள்கள் மரப்பெட்டி மரப்பெட்டியாக வந்து இறங்கின. நீளமான 91/30 வகை 100 டாலருக்கும் கீழே கிடைத்தது. ஆனால் அது 48 அங்குலத்துக்கு மேல். நான் ஐந்தடி உயரம். சீட்டுக்குப் பின்னாலிருந்து அதை உருவி எடுப்பதற்குள் பன்றி பக்கத்துப் பண்ணைக்கே போய்விடும். அதனால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து எம்44 கார்பைன், அதாவது அதன் குட்டை வகை, வாங்கினேன். 40 அங்குலம். பக்கவாட்டில் மடங்கும் பயனட் கத்தியோடு சேர்த்து நாலு கிலோ இருக்கும்.

நீளம் மட்டும் பார்த்து வாங்கியது தப்பு என்று முதல் வாரமே தெரிந்தது. நீளக் குழலுக்கு என்று செய்த தோட்டாவைக் குட்டைக் குழலில் சுட்டால், உள்ளே எரியாத வெடிமருந்தெல்லாம் வெளியே வந்து எரியும். அந்தி நேரத்தில் ஒரு தடவை சுட்டேன். பந்தம் மாதிரி தீ. சில நொடிக்குக் கண் முன்னே எதுவும் தெரியவில்லை. தவறி வெடிக்காமல் தடுக்கும் சேஃப்டியைப் போட, பின்னால் இருக்கும் குமிழை இழுத்துத் திருப்ப வேண்டும். வியர்த்த கையால் என்னால் முடியவே இல்லை. குழலின் அடியில் தோட்டா உட்காரும் அறைக்குள் தோட்டா இல்லாமல்தான் வண்டியில் ஏற்ற வேண்டும் என்ற பழக்கம் எனக்கு வந்ததே அதனால்தான்.

அப்புறம் தோட்டா. தகர டப்பாவில் 440 தோட்டா அடைத்து மலிவாக விற்றார்கள், சோவியத் காலத்துச் சரக்கு. அதன் பிரைமர், அதாவது வெடிமருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி, எரிந்தால் குழலுக்குள் உப்பு படியும். அந்த உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, அதன் பிறகுதான் எண்ணெய் போட வேண்டும். எனக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். ஆனாலும் ஒரு பிரசவ கேஸ் முடித்து வந்த களைப்பில், அப்படியே சீட்டுக்குப் பின்னால் செருகிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். மழை பெய்த வாரம். மூன்றாம் நாள் வெள்ளைத் துணியைக் குழலில் விட்டு இழுத்தேன். செங்கல் பொடியில் புரட்டி எடுத்த மாதிரி வந்தது. வீட்டு அலமாரியில் இருக்கும் துப்பாக்கிக்கு இந்தத் தவறு நடந்தால் மறுநாளாவது கண்ணில் படும். வண்டியில் இருப்பது கண்ணில் படாது. பகலில் அடுப்பு, இரவில் பனி, நாள் முழுக்கப் புழுதியும் குலுக்கலும். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லையே என்று வருத்தமாக இருந்தது.

அந்தத் தோட்டா ஈயத்தைச் சுற்றி முழுக்க உலோகக் கவசம் போட்டது என்பதையும் சொல்ல வேண்டும். உடலைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போகும். பாறையில் பட்டால் எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது. மாட்டுக்காரர் பத்தடி தள்ளி நிற்கும்போது அதைச் சுட எனக்கு மனசு வராது. முனை ஈயமாக இருக்கும் வேட்டைத் தோட்டாதான் இந்த வேலைக்கு. அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் மலிவு ரைஃபிள் மலிவாக இருக்காது. 2021 செப்டம்பரிலிருந்து ரஷ்யத் தோட்டா இறக்குமதிக்குப் புதிய அனுமதி தருவதையும் அரசாங்கம் நிறுத்திவிட்டது. முதலில் உங்கள் ஊர்க் கடையில் எந்தத் தோட்டா எப்போதும் கிடைக்கிறது என்று பாருங்கள். ரைஃபிளை அதற்கப்புறம் பார்க்கலாம்.

இரண்டாவதாக வாங்கியது சீனாவில் செய்த எஸ்கேஎஸ், ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள். 1994-ல் சீனத் துப்பாக்கி இறக்குமதியைத் தடை செய்வதற்கு முன்னால் வந்தது. சந்தைக்கு வந்த ஒருவரிடம் ரொக்கம் கொடுத்து வாங்கினேன். டெக்சாஸில் தனி ஆள் தனி ஆளுக்கு விற்கக் காகிதம் எதுவும் வேண்டாம். அதே 40 அங்குலம், ஆனால் உதை குறைவு, 10 தோட்டா பிடிக்கும். பக்கத்துப் பண்ணைப் பெரியவர் அதைக் கையில் வாங்கியதும் முதலில் போல்ட்டை, அதாவது தோட்டாவை அறைக்குள் தள்ளி மூடும் இரும்புத் துண்டை, கழற்றிக் காதருகே வைத்துக் குலுக்கினார். சத்தமே இல்லை. "டாக்டர், இதைச் சுடாதே" என்றார். எஸ்கேஎஸ்ஸின் சுடும் ஊசிக்கு ஸ்பிரிங் கிடையாது, சும்மா ஆடிக்கொண்டிருக்க வேண்டும். கிடங்கில் துருப்பிடிக்காமல் இருக்க அடைத்த காஸ்மோலின் கிரீஸ் உள்ளே உறைந்திருந்தால், ஊசி முன்னால் நீட்டியபடியே சிக்கிக்கொள்ளும். போல்ட் மூடும்போது விசையைத் தொடாமலேயே வெடிக்கலாம், தோட்டா தீரும்வரை தொடர்ந்தும் வெடிக்கலாம். கரைப்பான் ஊற்றி ஊற்றி, பழுப்பு நிறத்தில் வெல்லப்பாகு மாதிரி ஒழுகியதைத் துடைத்துத் துடைத்து, மறுநாள் மதியம்தான் டிக் டிக் என்று ஊசி ஆடியது. அந்த ரைஃபிள் எனக்கு நன்றாக உழைத்தது.

2016-ல் ஒரு பயிற்சி வகுப்புக்காக சான் அன்டோனியோ போனேன். இரவு விடுதியின் வாகன நிறுத்தத்தில் வண்டியை விட்டேன். ரைஃபிள் பின் சீட்டில், போர்வைக்கு அடியில். அறைக்கு எடுத்துப் போயிருக்கலாம். வரவேற்பறையில் இருப்பவர்கள் பார்த்து என்ன நினைப்பார்களோ என்று கூசினேன். 'பழசுதானே, போனால் போகட்டும்' என்றும் மனசுக்குள் ஒரு நினைப்பு இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், இருந்தது. காலையில் பின் கண்ணாடி தரையில் கிடந்தது, சீட்டில் போர்வை மட்டும் கிடந்தது. புகார் எழுத வந்த போலீஸ்காரர், துப்பாக்கியின் வரிசை எண் என்ன என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. எங்கும் எழுதி வைக்கவில்லை, வாங்கிய ரசீதும் இல்லை. எண் இல்லாமல் அதைத் தேசியத் திருட்டுப் பட்டியலில் ஏற்ற முடியாது. நாளைக்கு ஏதாவது ஒரு ஊரில் அந்தத் துப்பாக்கி அகப்பட்டால்கூட, அது என்னுடையது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. அதை எடுத்துப் போனவர் பன்றி சுட எடுத்திருக்க மாட்டார். செய்தியில் எங்காவது துப்பாக்கிச் சூடு என்று வந்தால், என்ன துப்பாக்கி என்று தேடிப் பார்க்கும் பழக்கம் எனக்கு இன்றுவரை போகவில்லை. மனசு வலிக்காது என்று எழுதுகிறவர்களுக்கு இது தெரிய வேண்டும்.

இரண்டு வருடம் வண்டியில் துப்பாக்கியே இல்லாமல் ஓட்டினேன். பிறகு ஒரு சந்தையில் மேசை ஓரமாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்த ஒன்று கிடந்தது. கட்டைக்கு முன்னால் இரும்பு வளையத்தில் 'ஆர்.எஃப்.ஐ.' என்றும் 1967 என்றும் பொறித்திருந்தது. மேற்கு வங்காளத்தில் இஷாபூர் ரைஃபிள் தொழிற்சாலையில் செய்தது. 1962 சீனப் போருக்குப் பிறகு, பிரிட்டிஷ்காரர் காலத்து லீ என்ஃபீல்ட் ரைஃபிளின் அமைப்பையே வைத்துக்கொண்டு, 7.62 நேட்டோ தோட்டாவுக்காக இன்னும் உறுதியான இரும்பில் நம்மவர்கள் புதிதாகச் செய்த 2ஏ1. எந்தச் சிப்பாய் இதைத் தூக்கிக்கொண்டு எந்த மலையில் நின்றாரோ! கை தானாகப் பணப்பையைத் திறந்தது. 44 அங்குலத்துக்கு மேல் இருக்கும், சிறியது என்று சொல்ல மாட்டேன். கையாலே நன்றாக இயங்குகிறதா, போல்ட்டுக்கும் அறைக்கும் உள்ள இடைவெளி சரியாக இருக்கிறதா என்று அளவுக்கருவி வைத்துப் பார்க்கச் சொல்லி, பழுது பார்ப்பவரிடம் கொடுத்த பிறகே சுட்டேன். பழைய ராணுவ ரைஃபிள் எதை வாங்கினாலும் இதைச் செய்யுங்கள்.

இதில் எனக்குப் பிடித்தது போல்ட்டைத் தனியாகக் கழற்றிவிடலாம் என்பது. பின்னால் இழுத்து, முனையை மேலே திருப்பி உருவினால் கையோடு வந்துவிடும். பண்ணையிலிருந்து கூப்பிட்ட நாளில் மட்டும் ரைஃபிளை வண்டியில் ஏற்றுகிறேன். வண்டிச் சட்டகத்தோடு திருகாணி போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டியில், சீட்டுக்கு அடியில் அது பூட்டிக் கிடக்கும். ரைஃபிளின் போல்ட் என் மருத்துவப் பையில் இருக்கும். பெட்டியை உடைத்தாலும் திருடனுக்குக் கிடைப்பது குழாயும் மரக்கட்டையும்தான். இரவில் வண்டியில் எதுவும் இருக்காது.

இங்கே வரும் நம் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லிவிடுகிறேன். எச்1பி, மாணவர் விசா போன்றவற்றில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு, வழக்கறிஞரைக் கேட்காமல் அதை நம்பி இறங்க வேண்டாம். கிரீன் கார்டு இருப்பவர்களும் தபால் நிலைய வாகன நிறுத்தத்துக்குள் துப்பாக்கியைக் கொண்டுபோகும் முன் சட்டத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நீளம் குறையட்டும் என்று, அரசாங்கத்தின் முன் அனுமதி வாங்காமல் குழலை 16 அங்குலத்துக்குக் கீழே அறுத்தால் அதுவும் பெரிய குற்றம். தோட்டா ஏற்றிய ரைஃபிளை வண்டியில் வைப்பது ஒரு மாநிலத்தில் சரி, பக்கத்து மாநிலத்தில் தப்பு.

கட்டுரையாளர் அந்தப் பண்ணைகளுக்கு மறுபடி போனால், அங்கே வண்டியில் கிடக்கும் ரைஃபிளின் எண்ணை எங்கே எழுதி வைத்திருக்கிறார்கள் என்று தயவுசெய்து கேட்கச் சொல்லுங்கள். என்னுடையது வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர் ஒருவர்,
டெக்சாஸ்
(பெயர் வெளியிட வேண்டாம்)