ஸ்கேன் அறையை இரவிலும் திறந்து வையுங்கள்

எங்கள் வட்டார அரசு மருத்துவமனைகளைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஸ்கேன் அறைக்கு இரவிலும் ஆள் போடச் சொல்லி நாங்கள் கொடுத்த மனுக்கள் உங்களிடமே இருக்கின்றன. பழைய கதை வேண்டாம், போன மாதம் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

முன்னோருக்குப் படையல் வைக்கும் படைப்புக்கு வந்திருந்த சித்தப்பா, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் நாலைந்து தடவை வாந்தி எடுத்தார். கடைசி வாந்தியோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவசரப் பிரிவில் இசிஜி எடுத்து, மாரடைப்பு இல்லை என்றார்கள். சரி, கேஸ்தான் என்று ரோஸ் கலர் மருந்து ஒரு மூடி. அரை மணி கழித்து இன்னொரு மூடி. தாகம் என்றார், தண்ணீர் நான்தான் கொடுத்தேன். விடியப்போகிற நேரம் கழுத்து உப்பிவிட்டது. தொட்டால் தோலுக்கடியில் மணலை அழுத்தியதுபோல நறநறவென்றது.

வாந்தி எடுத்த வேகத்தில் உணவுக்குழாய் கிழிந்திருந்தது. நான் கொடுத்த தண்ணீர் வயிற்றுக்குப் போகவே இல்லை, நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்கியிருக்கிறது. மதுரையில் ஸ்கேன் பார்த்த டாக்டர்தான் சொன்னார். அதன்பிறகுதான் வாயால் ஒரு சொட்டும் கூடாது என்று நிறுத்தி, டிரிப், ஆன்டிபயாடிக், நெஞ்சில் குழாய், ஆபரேஷன் எல்லாம். 24 மணி நேரம் தாண்டிவிட்டால் பிழைப்பது இன்னும் கஷ்டம் என்றார். இந்தக் கிழிசலை 1724-லேயே போர்ஹாவே என்ற டச்சு மருத்துவர் எழுதி வைத்திருக்கிறாராம்.

டியூட்டி டாக்டரைக் குறை சொல்லவில்லை. ராத்திரி முழுக்க அவர் ஒருத்தர்தான். ஸ்கேன் பார்த்துவிடலாம் என்று அவரும் சொன்னார். அறை பூட்டியிருந்தது. கோயில் நடைகூட மத்தியானம் சாத்தினால் சாயங்காலம் திறந்துவிடும். இரவுக்கு ஒரு டெக்னீஷியன் போடுங்கள் என்றுதானே இத்தனை நாளாகக் கேட்கிறோம்?

செட்டிநாட்டுச் சாப்பாட்டை ஊர் ஊராக விளம்பரம் செய்கிறோம். சாப்பிட்டு உடம்புக்கு முடியாமல் போகிறவர்கள் காலை ஒன்பது மணிக்கு மேல் போகவும் என்று அதிலேயே ஒரு வரி சேர்த்துவிடலாம்.

மன்னிக்கவும், கேட்க வந்தது இதை இல்லை. ஸ்கேன் அறைக்கு இரவில் ஆள் போடுங்கள். அதுவரைக்கும், வாந்திக்குப் பிறகு நெஞ்சுவலி என்று வருகிறவருக்கு வாயால் எதுவும் கொடுக்காமல், நெஞ்சு எக்ஸ்ரேயாவது எடுத்து, மதுரைக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டு உடனே அனுப்பும்படி ஒரு சுற்றறிக்கை விடுங்கள்.

சித்தப்பா 23 நாள் ஐசியூவில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். இன்னும் வயிற்றுக் குழாய் வழியாகத்தான் ஆகாரம். தயவுசெய்து அந்த அறைச் சாவியை இரவிலும் யாரிடமாவது கொடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
அன்று தண்ணீர் கொடுத்தவன்