என்னை முந்திய சக்கரம்

அன்பு மாப்ளே,

ஆறு மாதமாகப் பதில் போடவில்லை. திட்டிக்கொள். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, மற்றவர்கள் சௌக்கியம். எழுத உட்கார்ந்தது சித்தப்பாவின் எம்ஜிபியைப் பற்றி, சைக்கிள் மாதிரி கம்பிச் சக்கரம் போட்ட அந்தப் பழைய இங்கிலீஷ் காரைப் பற்றி.

போன ஞாயிறு பாப்பாவை ஏற்றிக்கொண்டு அழகர்கோவில் ரோட்டில் போனேன். அப்பன்திருப்பதி தாண்டியதும் பின்னால் 'டக், டக்'. ஓரங்கட்டலாம் என்று வேகத்தைக் குறைக்கிறேன், "அப்பா, நம்ம சக்கரம் முன்னாடி போகுது" என்கிறாள். நிஜமாகவே பின்சக்கரம் எங்களை முந்தி, நிதானமாக ஒரு தென்னந்தோப்புக்குள் இறங்கிப் படுத்துவிட்டது. வண்டி தரையைத் தேய்த்துக்கொண்டு நின்றது. ஒருத்தருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் எதிரே பஸ் வந்திருந்தால்? அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை.

சக்கரத்தை மாட்டுகிற, பல் தேய்ந்துபோன ஹப்புகளைப் போன மாதம்தான் மாற்றினேன். பூட்டிய மெக்கானிக் இடதை வலதிலும் வலதை இடதிலும் பூட்டியிருக்கிறார். இதில் நாலு நட்டெல்லாம் கிடையாது, நடுவில் காது வைத்த ஒற்றை நட்டுதான். வலப்பக்கம் எதிர்ச்சுற்றில் இறுகும் இடதுமரை, இடப்பக்கம் சாதாரண வலதுமரை. சரியாக இருந்தால் ஓட ஓட இறுகும், மாறினால் ஓட ஓடக் கழலும். கழற்றும் திசைக்கு நட்டிலேயே அம்புக்குறி உண்டு. வண்டி முன்னே போகும்போது சக்கரம் சுற்றுகிற பக்கம் அது பார்க்க வேண்டும். என்னுடையது பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது. தினமும் அதைத் துணி போட்டுத் துடைத்தவன் நான். அவரை மட்டும் என்ன சொல்ல?

இப்போது ஸ்டெப்னியோடு ஐந்து சக்கரமும் புதிதாக வாங்க வேண்டும். உன் தங்கச்சி அலாய் போடச் சொல்கிறாள். நீ 72 கம்பி, ஐந்தரை இஞ்ச் ரிம், 185 டயர் என்று பாடுவாய், தெரியும். கணக்குப் போட்டேன்: 165/80க்கும் 185/70க்கும் உயரத்தில் 5 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. ஆனால் இரண்டு பேர் கனத்தில் பள்ளத்தில் இறங்கினால் பின்பக்கம் அகல டயர் மட்கார்டில் உரசும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியை மாசி வீதி முனையில் நீ வந்து திருப்பு பார்ப்போம்! எனக்கு 60 கம்பி, நாலரை இஞ்ச், 165 போதும். ஒல்லிக்குச்சி என்று நீ சிரித்தாலும் சரி.

ஐந்துக்கும் சேர்த்து 300 போக்ஸ் கம்பி. நம்ம சைக்கிள் கடை அண்ணன் பழைய சக்கரத்தில் ஸ்பூனால் ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார். இறுகியது 'டிங்' என்றது, தளர்ந்தது 'டொக்'. பதினொன்று 'டொக்'. புல்லட்டுக்குக் கோட்டம் எடுக்கிற கை, இதையும் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். கம்பியை இறுக்குகிற நிப்பிள் ரிம்முக்குள் வருவதால் டியூப் போட்டே ஆக வேண்டுமாம். டியூப்லெஸ் என்றதற்கு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நம்ம கணக்கு வாத்தியார்தான்.

இந்த வண்டியைச் செய்த அபிங்டன் ஃபேக்டரியை 1980லேயே மூடிவிட்டாலும் சாமான் எல்லாம் உன் இங்கிலாந்தில்தான் கிடைக்கிறது. சித்திரைத் திருவிழாவுக்கு வரும்போது சாக்லேட், சோப்பு எதுவும் வேண்டாம். அந்த நட்டைத் தட்ட ஒரு செம்புச் சுத்தியல் வாங்கி வா. ஏர்போர்ட்டில் கேட்டால் நீயே சமாளி, கம்பம் பஸ்ஸில் சமாளித்தவன்தானே.

உன்,
ஒல்லிக்குச்சி டயர்க்காரன்