விலாங்குக்கு வாழ்க்கைப்பட்டவன்

வென்ற்வேர்த்வில்,
2 மார்ச் 2025, ஞாயிறு இரவு

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கார்த்திகை விளக்கீட்டோடு வந்தது. இப்போது சிவராத்திரியும் போய்விட்டது. வேலை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், எனவே சொல்லவில்லை. எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் பழையபடிதான். வாத்தி போன மாதம் வந்து இரண்டு கிழமை நின்றுவிட்டுப் போனான். அதே சிரிப்பு, அதே கடன். மிச்சத்தை நேரில் சொல்கிறேன்.

நேரில் என்றது சும்மா இல்லை. அதற்கு முதல் இன்று பின்னேரம் என் வீட்டில் நடந்ததைக் கேள்.

லாஸ் வேகாசில் பென்ரித்துக்கும் குரோனுல்லாவுக்கும் ரக்பி லீக் ஆட்டம். இரண்டும் சிட்னி அணிகள், ஆனால் எங்கள் பரமட்டா ‘ஈல்ஸ்’ (விலாங்குகள்) இல்லை. சின்னவன் ரீவிக்கு முன்னால் நிலத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். சும்மா பொழுதுபோக்குக்கு என்றுதான் நினைத்தேன். 28-22 என்று பென்ரித் வென்றதும் எழும்பிக் கைதட்டினான், மச்சான். என் மகன், என் வீட்டில், என் ரீவிக்கு முன்னால்! கை தட்டியதோடு விட்டானா? “அப்பா, பிறந்தநாளுக்குப் பென்ரித் சட்டை வாங்கித் தருவீங்களா?” என்று கேட்டான். மனுசி குசினிக்குள் நின்று சிரித்த சத்தம் எனக்குக் கேட்டது.

2022 இறுதியாட்டத்துக்கு இவனை ஹோம்புஷ் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். 12 வயது. இடைவேளையில் பென்ரித் 18, நாங்கள் முட்டை. 28 ஆன பிறகு கடைசியில் இரண்டு தரம் கோட்டைத் தாண்டினோம், பந்திக்குப் பிந்தி வந்தவனுக்கு ரசம் கிடைத்த மாதிரி. 28-12. திரும்பி வரும்போது ரெயினில் என் தோளில் முகத்தைப் புதைத்து அழுதான். தன்னை அழவைத்தவர்களுக்கே இன்று கைதட்டுகிறான்.

பேசிப் பார்த்தேன். “நான் பிறந்தது 2010. பரமட்டா கோப்பை தூக்கினதை யூரியூபில்தான் பார்த்திருக்கிறேன்” என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்து, “நீங்களும் யூரியூபில்தானே அப்பா?” என்றான்.

பதில் இல்லை. 1986 இறுதியாட்டத்தில் கான்ரபரியை 4-2 என்று வென்றது கடைசி. இரண்டு பக்கமும் கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்த ஒரு ட்ரைகூட இல்லை, எங்கள் ரே பிரைசுக்கும் மிக் குரோனினுக்கும் அதுதான் கடைசி ஆட்டம் என்று எல்லாம் ஒப்புவிப்பேன். ஆனால் அந்தக் காலத்தில் நீயும் நானும் பள்ளிக்கூட வளவில் பதுங்குகுழி வெட்டிக்கொண்டிருந்தோம். பரமட்டா என்று ஓர் ஊர் இருப்பதே தெரியாது. நான் காணாத ஒன்று திரும்பி வரும் என்று இத்தனை வருடம் காத்திருக்கிறேன். அதை அவனிடம் சொல்ல வாய் வரவில்லை.

2001 நினைவிருக்கிறதா? அந்த வாடகை வீடு, ஒரு கால் உடைந்த சோபா. அந்த வருடம் அட்டவணையில் முதலிடம், புள்ளிக் குவிப்பில் சாதனை, கோப்பை எங்களுக்குத்தான் என்று ஊரே சொன்னது. இறுதியாட்டத்தில் இடைவேளைக்கு நியூகாசில் 24-0. நீ எழும்பிப்போய் அரிசி கழுவத் தொடங்கினாய். நாங்கள் திரும்பி வந்து 30-24 வரைக்கும் போனோம். நீ கழுவிக்கொண்டேதான் இருந்தாய். அன்றைக்கு என்னோடு சோறு தின்னாமல் படுத்தவன், வேலை கிடைத்தது என்று மெல்பேர்ண் போய் அந்த ஊர் ஸ்ரோர்ம் அணியின் ஆள் ஆகிவிட்டாய். 2009 இறுதியாட்டத்தில் 23-16 என்று எங்களைத் தோற்கடித்த அன்றிரவு தொலைபேசியில் நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கிடக்கிறது. அடுத்த வருடம் அந்தக் கோப்பையைப் பறித்தார்களே, சம்பள உச்சவரம்பு மீறலுக்காக, அப்போது உன் தொலைபேசிக்கு என்ன நடந்தது? சரி, 2016இல் எங்களுக்கும் 12 புள்ளி வெட்டி, ஒன்பது பேர் ஆடும் ஓக்லாந்து நைன்ஸ் கோப்பையையும் பிடுங்கினார்கள். நீ எழுத முதல் நானே எழுதிவிட்டேன்.

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுமாம் விலாங்கு. எங்கள் ஆட்கள் பெயருக்கேற்ற ஆட்கள். ஒரு கிழமை தலை, மறு கிழமை வால். போன வருடம் 17 அணியில் 15ஆவது. கடைசி ஆட்டத்தில் வெஸ்ற்ஸ் ரைகர்ஸை 60-26 என்று அடித்து, கடைசி இடத்துக்கான மரக்கரண்டியை அவர்கள் கையில் கொடுத்தோம். அன்றிரவு நான் கேசரி கிண்டச் சொன்னேன். சட்டியில் ஒன்றும் இல்லாதவன் அகப்பை கிடைக்காததற்குக் கொண்டாடினான் என்று மனுசி சொன்னாள்.

இந்த வருடம் வித்தியாசம் என்று மார்கழியில் நினைத்தேன். சிரிக்காதே. ஜேசன் ரைல்ஸ் பயிற்றுநராக வந்திருக்கிறார், உங்கள் ஸ்ரோர்ம் பயிற்றுநர் பெல்லமியிடம் தொழில் பழகியவர். ஸாக் லோமாக்ஸ், ஜோஷ் அடோ-கார், பென்ரித்திலிருந்து ஐயோங்கி என்று ஓர் இளம் பெடியன். ஆனால் கத்தர்சன் போய்விட்டான். தோற்கிற ஆட்டத்தின் 79ஆவது நிமிடத்திலும் ஓடித் துரத்துகிறவன். அவனுக்குக் கொடுக்கவேண்டிய மரியாதையைக் கொடுத்து அனுப்பினார்களா என்பது எனக்கு இன்னும் குறை. டிலன் பிரவுன் விரும்பினால் வருட முடிவில் போகலாம் என்று ஒப்பந்தத்திலேயே வாசல் வைத்திருக்கிறார்கள். வாசல் வைத்தால் யார்தான் போகாமல் இருப்பான்?

அதெல்லாம் தாங்கலாம். மிச்சல் மோசஸின் பாதம்தான் தாங்க முடியவில்லை. தலைவன் ஆக்கின கையோடு பாதத்தில் காயம், தொடக்க ஆட்டங்களுக்கு இல்லை. போன வருடமும் பாதம்தான். திரும்பி வந்து, பிரிஸ்பேனில் மாநிலங்களுக்கிடையிலான ஒரிஜின் தொடரின் கடைசி ஆட்டத்தில் கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தான், பிறகு கைத்தசை கிழிந்தது. ஐந்தாவது ரக்கிள் (எதிரணி மடக்கிப் பிடிப்பது) முடிந்து உதைக்கப் பந்து அவன் கைக்கு வரும்போது எதிரணியின் பின்வரிசை இரண்டடி பின்னுக்குப் போகும், கவனித்திருக்கிறாயா? அவன் இல்லாவிட்டால் ஒருவனும் பின்னுக்குப் போகமாட்டான். போன வருடம் அவன் இல்லாத மாதங்களில் என்ன நடந்தது என்று எங்கள் முன்னைய பயிற்றுநர் பிரட் ஆதரைக் கேள், பாவம், மே மாதமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இந்த நிலைமையில் முதல் ஆட்டம் யாரோடு? உங்களோடு, உங்கள் ஊரில். பெல்லமி 2003இல் வந்ததிலிருந்து முதல் சுற்றில் தோற்றதே இல்லை என்பதை நீ எத்தனை தரம் சொல்லியிருப்பாய்! அதனால் என் ஆசையை மிகவும் சின்னதாக்கிக்கொண்டேன். 30 புள்ளிக்குள் தோற்றால் போதும்.

வருகிற ஞாயிறு, 9ஆம் திகதி, காலை விமானத்தில் வருகிறோம். ஆட்டத்துக்கும் ரிக்கெற் எடுத்தாயிற்று. வருகிறோம் என்றால் சின்னவனும். “மெல்பேர்ண் மாமா வீட்டுக்கு” என்றுதான் சொன்னான், ஆட்டத்துக்கு என்று சொல்லவில்லை. எந்தச் சட்டையோடு வருவான் என்று தெரியாது. 2001இல் வாங்கிய என் சட்டையை நேற்றுத் தோய்த்துக் கொடியில் போட்டிருந்தேன். மஞ்சள் கோடு உரிந்து உரிந்து பல்லி வாலைப்போல் கிடக்கிறது. சாமம் தண்ணீர் குடிக்க எழும்பினபோது அவன் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றான். தோள் சரியாக இருந்தது. நான் பார்த்ததை அவன் பார்க்கவில்லை. காலையில் அது என் கதிரையில் மடித்து வைத்திருந்தது.

புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் செய்யச் சொல்லு. தோற்றால் உன் வீட்டில் அன்றிரவு குழம்பைப் பற்றி மட்டும்தான் கதைக்க வேண்டும். உன் மனுசியிடமும் சொல்லிவை.

உன்,
மொட்டை