வலாத்தா படங்களைப் பார்த்தேன்

அஸ்ஸலாமு அலைக்கும் மகனே,

மொரிட்டானியாவிலிருந்து நீ அனுப்பிய வலாத்தா ஊர்ப் படங்களை உம்மாவுக்கும் காட்டினேன். செம்மண் சுவரில் வெள்ளைக் கோலம் மாதிரி இருக்கிறதே, அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "அங்கேயும் பொம்பளைங்கதான் போடுவாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன், அவளுக்கு அது போதும். எனக்குத்தான் வேலை வைத்துவிட்டாய். படத்துக்குக் கீழே, "வாப்பா, இந்த மணலுக்குள்ள தீனை யாரு கொண்டாந்து சேர்த்தா, படையா?" என்று ஒரு வரி போட்டிருந்தாய். இதற்கு வாட்ஸ்அப்பில் கட்டைவிரலால் பதில் எழுத என்னால் ஆகாது, அதனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

தீன், அதாவது இஸ்லாம், வட ஆப்பிரிக்கா வரைக்கும் படையோடுதான் வந்தது, 7, 8ஆம் நூற்றாண்டுகளில். அதை மறைக்க வேண்டியதில்லை. பிறகு 11ஆம் நூற்றாண்டில் முராபித்துகள் என்ற கூட்டம் இப்போது நீ இருக்கும் மொரிட்டானியாப் பக்கத்திலிருந்தே கிளம்பி வாளை எடுத்தது, அதுவும் உண்மை. ஆனால் சஹாராவைத் தாண்டித் தெற்கே முதலில் போய்ச் சேர்ந்தவர்கள் வியாபாரிகள். தெற்கே தங்கம் இருந்தது, உப்பு இல்லை. பாலைவனத்துக்கு நடுவே உப்பு இருந்தது, வேறு எதுவுமே இல்லை. ஒட்டகம் இரண்டையும் சேர்த்து வைத்தது, அவ்வளவுதான்.

ஊர் ஊராகச் சுற்றி எழுதி வைத்த மொராக்கோக்காரர் இப்னு பதூதா, 1352 பிப்ரவரியில் மொராக்கோவின் சிஜில்மாசாவிலிருந்து மாலிக்குக் கிளம்புகிறார். 25 நாள் நடையில் தகாஸா என்ற உப்புச் சுரங்க ஊர். அங்கே வீடும் பள்ளிவாசலும் உப்புப் பாளத்தால் கட்டியவை, கூரைக்கு ஒட்டகத் தோல், மரம் என்று ஒன்று கிடையாது. ஊர் முழுக்க உப்பு வெட்டும் அடிமைகள். வெளியூர் பேரீச்சம்பழம், ஒட்டகக் கறி, தெற்கிலிருந்து வரும் தானியம் இதுதான் சாப்பாடு. குடிதண்ணீரும் கரிப்பு. ஒரு ஒட்டகச் சுமை உப்பு வலாத்தாவில் 8 முதல் 10 மித்கால் (அந்தக் காலத்துத் தங்க எடை) தங்கத்துக்குப் போனது, மாலியின் தலைநகரில் அதே சுமை 20, 30, சில சமயம் 40. உன் வாப்பிச்சா கொழும்பில் கடை வைத்திருந்தவர், இந்தக் கணக்கைக் கேட்டிருந்தால் தூங்கியிருக்க மாட்டார்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். தகாஸா தாண்டியதும் தண்ணீரே இல்லாத நீண்ட பாதை. காஃபிலாவிலிருந்து, அதாவது ஒட்டகக் கூட்டத்திலிருந்து, ஒரு ஆளைத் தனியாக வலாத்தாவுக்கு முன்னால் அனுப்புவார்கள், அவருக்குத் தக்ஷீஃப் என்று பெயர், மஸூஃபா என்ற பாலைவனக் கூட்டத்து ஆள். ஊரில் தெரிந்தவர்களுக்கு எழுதிய கடிதங்களை அவர் கையில் கொடுத்துவிடுவார்கள்: எங்களுக்கு வாடகைக்கு வீடு பார்த்து வையுங்கள், நாலு நாள் தூரம் தண்ணீரோடு எதிரே வாருங்கள். அங்கே யாரையும் தெரியாதவன், நல்ல பெயர் எடுத்த ஒரு வியாபாரியின் பெயருக்கு எழுதுவான். அந்த வியாபாரி முன்பின் பார்க்காத இவனைத் தன் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்வார். தக்ஷீஃப் வழியில் செத்துப்போனால் கடிதம் போய்ச் சேராது, தண்ணீர் வராது, காஃபிலாவில் பெரும்பாலோர் முடிந்தார்கள். இப்னு பதூதாவோடு போன தக்ஷீஃபுக்கு ஒரு கண் இல்லை, இன்னொரு கண்ணில் நோய், இருந்தும் பாதை அவருக்குத்தான் அத்துப்படி. கூலி 100 மித்கால், நம்ம கணக்கில் 50 சவரனுக்கு மேல். ஏழாம் நாள் ராத்திரி, எதிரே தண்ணீரோடு வந்தவர்கள் மூட்டிய நெருப்பு தெரிந்தது என்று எழுதுகிறார். நான் இதைப் படிக்கும்போதெல்லாம் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிடுவேன்.

பார்க்காதவனுக்கு எழுதிய கடிதம் செல்லுபடியாக வேண்டும் என்றால் இரண்டு முனையிலும் ஒரே எழுத்து, ஒரே ஒப்பந்த முறை, தகராறு வந்தால் தீர்க்க ஒரு காழி, அதாவது நீதிபதி, வேண்டும். 10ஆம் நூற்றாண்டில் இப்னு ஹவ்கல் என்ற அரபுப் பயணி, பாலைவனத்தின் தென்கோடியில் அவ்தகஸ்த் ஊரில் இருந்த ஒருவர், வடகோடியில் இருந்த சிஜில்மாசாக்காரருக்குத் தர வேண்டிய 42,000 தீனாருக்குக் கடன் பத்திரம் பார்த்ததாகச் சொல்கிறார். நடுவில் இருந்தது அத்தனை மணல்! இந்த ஏற்பாட்டுக்குள் வர நினைத்த உள்ளூர் வியாபாரியைக் கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வரச் சொல்லி யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. ஆதாயத்துக்காகவா மாறினான் என்று நீ கேட்பாய். முதல் தலைமுறையில் கொஞ்சம் ஆதாயமும் இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன், அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. பேரப்பிள்ளைகள் ஓத ஆரம்பித்தபோது அது வேறாகிவிட்டது.

ஸ்பெயினில் உட்கார்ந்துகொண்டு அல்பக்ரி என்ற அரபு எழுத்தாளர் 1068இல் பழைய கானா ராஜ்ஜியத்தைப் பற்றி எழுதியதைப் பார். ராஜா முஸ்லிம் இல்லை. ஆனால் வியாபாரிகளின் ஊரில் 12 பள்ளிவாசல், ராஜாவின் பொக்கிஷக்காரரும் மொழிபெயர்ப்பாளர்களும் முஸ்லிம்கள். குடிகள் ராஜாவின் முன்னால் மண்டியிட்டுத் தலையில் மண்ணைத் தூவிக்கொள்வார்கள், முஸ்லிம்கள் கையை மட்டும் தட்டினால் போதும். உள்ளே வரும் ஒரு கழுதைச் சுமை உப்புக்கு ராஜா 1 தீனார் வாங்கினார், வெளியே போனால் 2. மலால் என்ற இன்னொரு நாட்டு ராஜா மழை வேண்டி, வந்திருந்த முஸ்லிம் விருந்தாளியோடு ராத்திரி முழுக்கத் தொழுததையும், விடியும்போது மழை கொட்டியதையும் அல்பக்ரியே சொல்கிறார். ராஜாவும் அவர் குடும்பமும் பெரிய மனிதர்களும் மாறினார்கள், குடிகள் பழைய வழியிலேயே இருந்தார்கள். அவர்களுக்கு இன்னும் பல நூறு வருஷம் ஆனது. 1324இல் கெய்ரோவில் தங்கத்தை வாரி இறைத்த மன்சா மூசா கதையை யூடியூபில் ஆயிரம் பேர் சொல்கிறார்கள், நான் விடுகிறேன்.

ஆனால் ஒன்றை விட முடியாது. அதே இப்னு பதூதா 1353இல் தகத்தா என்ற ஊரிலிருந்து வடக்கே திரும்பிய காஃபிலாவில் அடிமைப் பெண்கள் மட்டும் சுமார் 600 பேர். போகிற போக்கில் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விடுகிறார். தண்ணீர் கொண்டு எதிரே வந்தவர்களைப் பற்றிச் சொல்லிப் பெருமைப்படுகிற நாம், அந்த 600 பேரைச் சொல்லாமல் விட்டால் அது பாதி வியாபாரக் கணக்கு. யாராவது உன்னிடம் இந்த வரலாறு முழுக்கப் பொன் என்று சொன்னால் இதைக் கேள்.

அப்புறம் உம்மாவுக்குப் பிடித்த இடம். வலாத்தாவில் சொத்து மகனுக்குப் போவதில்லை, சகோதரி மகனுக்குப் போகிறது என்று பார்த்து இப்னு பதூதா திகைத்துப் போகிறார். இதை மலபாரில் முஸ்லிம் அல்லாதவர்களிடம் மட்டும்தான் பார்த்திருக்கிறேன் என்கிறார். தொழுகிற, ஃபிக்ஹு (மார்க்கச் சட்டம்) படிக்கிற ஜனங்களிடம் இப்படியா என்று அவருக்குத் தாங்கவில்லை. மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய்ச் சேரும் காயல்பட்டினத்தில் அவரைக் கொண்டுவந்து விட்டிருந்தால் என்ன எழுதியிருப்பாரோ என்று உம்மா சிரிக்கிறாள்.

மதுரைக்கு அவர் வந்திருக்கிறார் என்பது உனக்குத் தெரியுமோ என்னமோ. மாலிக்குப் போவதற்குச் சுமார் 8 வருஷம் முன்னால். அங்கிருந்த சுல்தான் பெண்களையும் பிள்ளைகளையும் கொன்றதைப் பார்த்து மனம் வெறுத்து எழுதியிருக்கிறார். ஆக ராஜாவின் கையில் போன தீனையும் வியாபாரியின் கூட வந்த தீனையும் இரண்டையும் பார்த்த ஆள் அவர். மதுரையில் ஊரே காய்ச்சலில் விழுந்தபோது அவருக்கும் வந்தது, நம்ம புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துத்தான் தப்பித்தாராம்.

அடுத்த லீவில் மறுபடி வலாத்தா பக்கம் போனால் வண்டியில் தண்ணீர் கூடுதலாக வை, ஒரு வண்டியில் மட்டும் போகாதே. சந்தையில் பாளமாக விற்கும் உப்பு கிடைத்தால் ஒரு துண்டு வாங்கி வா. உம்மா மீன் ஆணத்துக்குப் போட்டுப் பார்க்க வேண்டுமாம்.

வாப்பா