போகிற பக்கம், வருகிற பக்கம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதினதை இரண்டு தடவை கிழித்துப் போட்டுவிட்டேன். உன் மகன், என் மருமகன், புது டிப்பர் லாரி எடுக்கப் போகிறான் என்று நீ சந்தோஷமாக எழுதியிருக்கும்போது அதில் மண்ணைப் போடுகிற மாதிரி ஆகிவிடக் கூடாதே என்ற யோசனைதான். ஆனால் உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

வீட்டில் எல்லாரும் நலம். உன் தங்கச்சிக்கு முட்டு வலி இருக்கத்தான் செய்கிறது, ஆனாலும் காலையில் வாசல் தெளிக்க மற்றவர்களை விடுவதில்லை. பேத்தி ஒன்றாம் வகுப்பு போகிறாள். சாரல் நன்றாக விழுகிறது. தென்காசிப் பக்கம் காற்றே குளுகுளுவென்று இருக்கிறது, மாடியில் துணிதான் காய மாட்டேன் என்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பத்துச் சக்கர வண்டி, பாடி நாமக்கல்லிலேயே கட்டுகிறோம், ஆறு யூனிட், அதாவது அறுநூறு கன அடி, பிடிக்கிற மாதிரி பக்கப் பலகையை உயர்த்தச் சொல்லியிருக்கிறான் என்று எழுதியிருந்தாய். நீ போகிற போக்கில் எழுதிய அந்த வரியைத்தான் நான் நாலைந்து தடவை படித்தேன்.

நான் சாலை ஆய்வாளராக முப்பது வருஷம் ரோட்டில் நின்றவன். ஓய்வு பெற்ற பிறகும் காலையில் நடக்கப் போனால் கண் தரையில்தான் இருக்கிறது. இங்கே கிழக்கே கல் உடைக்கிற கிரஷர்கள் இருப்பது உனக்குத் தெரியும். ஜல்லியும், கல்லை அரைத்துச் செய்கிற மணலான எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு டிப்பர்கள் மேற்கே புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போகின்றன. இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்புகின்றன. நம் ஊரை ஒட்டிப் போகிற இரட்டை வழி ரோட்டில் போன மாதம் ஒரு நாள் விடியற்காலை, கொத்தனார் ஒருவரிடம் மட்டப் பலகையை இரவல் வாங்கிக்கொண்டு போய் நின்றேன். மேற்கே போகிற பக்கத்தில், சக்கரம் ஓடுகிற தடத்துக்குக் குறுக்கே பலகையை வைத்தால், அடியில் என் நாலு விரலும் மடங்காமல் உள்ளே போகிறது. முந்தின இரவு பெய்த தண்ணீர் அந்தப் பள்ளத்தில் வாய்க்கால் மாதிரி நின்றது. ரோட்டைக் கடந்து, கிழக்கே வருகிற பக்கத்தில் அதே பலகையை வைத்தேன். ஒரு ரூபாய்க் காசைச் செருக இடமில்லை.

ஒரே ஒப்பந்ததாரர், ஒரே தார், ஒரே வாரத்தில் போட்ட ரோடு. இரண்டு பக்கமும் ஒரே மழைதான் பெய்தது. ஓடுகிற வண்டிகளும் அதே வண்டிகள்தான், ஒரு பக்கம் லோடோடு போகின்றன, மறுபக்கம் காலியாக வருகின்றன. "மழையில ரோடு போச்சு" என்று டீக்கடையில் சொல்கிறவர்களை அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறது.

இதையே பெரிய அளவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், மாப்பிள்ளை. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்குப் பக்கத்தில், 1958லிருந்து 1960 வரை. சுற்றுப் பாதைகள் போட்டு, ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு எடை என்று பிரித்து, ராணுவ வீரர்களை வைத்து லாரிகளை ராப்பகலாக ஓட்டினார்கள். ஒரு சுற்றில் மட்டும் வண்டியே விடவில்லை. வெயிலும் பனியும் தனியாக என்ன செய்கின்றன என்று பார்ப்பதற்காக அதைச் சும்மா போட்டு வைத்தார்கள். அங்கே கண்டுபிடித்ததைத்தான் இன்றைக்கும் பல நாடுகளில் ரோடு போடுகிறவர்கள் கணக்குக்கு எடுத்துக்கொள்கிறார்கள். சக்கரங்களைத் தாங்குகிற அச்சில் ஏறுகிற எடை இரண்டு மடங்கானால் ரோட்டின் சேதம் இரண்டு மடங்கு ஆவதில்லை. இரண்டை நாலு தடவை பெருக்கி வருகிற 16 மடங்கு ஆகிறது. ஒரு காரின் அச்சில் அரை டன் என்றும் லாரியின் பின் அச்சில் 10 டன் என்றும் வைத்துக்கொள். அந்த ஒரு அச்சு ஒரு தடவை போவது, காரின் அச்சு 1,60,000 தடவை போவதற்குச் சமம். பயிற்சி வகுப்பில் இதை முதன்முதலில் கேட்டபோது நான் நம்பவில்லை. சாயங்காலம் அறைக்கு வந்து தாளில் பெருக்கிப் பார்த்தேன்.

இனி மருமகன் வண்டிக்கு வருகிறேன். காலி வண்டி சுமார் 11 டன் நிற்கும். பத்துச் சக்கர வண்டிக்குச் சட்டம் அனுமதிப்பது மொத்தம் 28 டன் அளவு. ஆக, ஏற்றக்கூடியது 17 டன். நூறு கன அடி கொண்ட ஒரு யூனிட் எம்-சாண்ட் நாலரை டன் என்றால், மூன்றே முக்கால் யூனிட். ஆறு யூனிட் ஏற்றினால் சரக்கு மட்டும் 27 டன், வண்டியோடு 38. மணல் ஈரமாக இருந்தால் இன்னும் கூடும். 28க்குப் பதில் 38 என்றால் பார்ப்பதற்குப் பெரிய விஷயமாகத் தோன்றாது. நாலு தடவை பெருக்குகிற அந்த நாலாம் அடுக்குக் கணக்கில் போட்டால் சேதம் 3.4 மடங்கு.

"ஒரே டிரிப்பில் ஏற்றினால் டிரிப் குறையுமே, ரோட்டுக்கு நல்லதுதானே" என்று நீ கேட்பாய். பணியில் இருந்தபோது எத்தனையோ ஓனர்கள் என்னிடம் கேட்ட கேள்வி இது. அதே 27 டன்னை அளவோடு ஏற்றினால் 1.6 டிரிப் ஆகும், சேதமும் 1.6 பங்கு. ஒரே டிரிப்பில் திணித்தால் 3.4 பங்கு. திரும்பி வருகிற காலி வண்டி ரோட்டுக்கு ஒரு பொருட்டே இல்லை.

கிராமத்து ரோடுகளை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறமாட்டேன் என்கிறது. கிரஷரிலிருந்து மெயின் ரோடு சேரும் வரைக்கும் டிப்பர் போவது அதில்தானே. மூன்றே முக்கால் மீட்டர் அகலம். மேலே தார்க் கலவை இரண்டு சென்டிமீட்டர்தான் இருக்கும். சுமையைத் தாங்குவது அடியில் இருக்கிற ஜல்லியும் கிராவலும் மண்ணும். அப்படி ஒரு ரோடு 10 லட்சம் தரநிலை அச்சுகளைத் தாங்குகிற மாதிரி போட்டது என்று வை. தரநிலை அச்சு என்றால் 8 டன் சொச்சம் எடையுள்ள ஒற்றை அச்சு. சட்டப்படி ஏற்றிய பத்துச் சக்கர டிப்பர் ஒரு தடவை போனால் அந்தக் கணக்கில் சுமார் ஐந்து கழியும். ஆறு யூனிட் வண்டி போனால் பதினேழு கழியும். நாளைக்கு நூறு லோடு என்றால், பத்து வருஷத்துக்கு என்று போட்ட ரோடு இரண்டு வருஷத்துக்குள் காலி. அதே நூறு லோடையும் அளவோடு ஏற்றினாலும் பத்து வருஷம் வராதுதான், ஆனால் ஐந்து வருஷமாவது நிற்கும். அந்த மூன்று வருஷ வித்தியாசத்தில்தான் பள்ளிக்கூட வேன் போகிறது, பிரசவத்துக்கு ஆம்புலன்ஸ் போகிறது. இருட்டில் பள்ளத்துக்கு ஒதுங்கப் போய் விழுந்து காலை ஒடித்துக்கொண்ட பால்காரர் ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்.

சேதம் கண்ணுக்குத் தெரியாமல் ஆரம்பிக்கும் என்பதுதான் இதில் பெரிய சங்கடம். கனமான தார் ரோட்டில் சக்கரம் ஏறும்போது தார்ப் படலம் மயிரளவு வளைகிறது. வளையும்போது அடிப்பக்கம் இழுபடுகிறது. லட்சம் தடவை இழுபட்டு, அடியில் ஒரு விரிசல் விழுந்து, மெல்ல மேலே ஏறி வருகிறது. மேலே வலை வலையாக முதலைத் தோல் மாதிரி வெடித்து நாம் பார்க்கிற நாளில் அடியில் பாதி வேலை முடிந்திருக்கும். அப்புறம் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி மண்ணை இளக்கிவிடும். மழை மேல் பழி விழுவது இப்படித்தான்.

போன வாரம் டீக்கடையில் ஒரு டிரைவர் பையனோடு பேசிக்கொண்டிருந்தேன். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. வண்டியின் பின் பட்டையில், அதான் ஸ்பிரிங்கில், இரண்டு இலை முறிந்து, சங்கிலி போட்டுக் கட்டியிருந்தான். "அண்ணாச்சி, அஞ்சு யூனிட்டுக்குக் கீழ ஏத்துனா டீசலுக்கே கட்டாது. வாடகையே ஆறு யூனிட்ட வச்சுத்தான பேசுறாங்க" என்றான். எடைக்கு மேல் ஏற்றுவதில் வண்டிக்காரனுக்குக் கிடைக்கிற லாபம் ஒரு மூன்று மாதத்துக்குத்தான். எல்லா வண்டியும் ஆறு யூனிட் ஏற்ற ஆரம்பித்ததும் யூனிட் வாடகை இறங்கிவிடுகிறது. மூன்றே முக்கால் யூனிட் ஏற்றிக் கிடைத்த அதே காசுதான் ஆறு ஏற்றினாலும் கிடைக்கிறது. அதற்கு மேல் டயர், பட்டை, கிளட்ச் செலவும் பயமும் வண்டிக்காரன் தலையில். மலிவாகச் சரக்கு கிடைத்தவர் வேறு எங்கோ இருக்கிறார். சங்ககிரியில் கிளீனராகச் சேர்ந்த நாளிலிருந்து இதைப் பார்த்தவன் நீ. நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் மகன் விஷயம் என்று வரும்போது மறந்துவிடுகிறோம்.

புளியரை எஸ் வளைவில் உன் பழைய வண்டிக்குப் பிரேக் பிடிக்காமல் போய், மலைப்பக்கத்து மண்ணில் உரசி நிறுத்தினாயே, அன்று உன் சட்டை நனைந்திருந்தது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அப்போது உன் வண்டியில் இருந்தது நாலு டன்தான் அதிகம். மருமகன் பத்து டன் அதிகத்தோடு இறங்கப் போகிறான்.

சட்டம் சும்மா இல்லை. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்பையே உயர்த்தியது. நாலு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 ஆனது, இரட்டை அச்சுக்கு 19 டன் 21 ஆனது. பத்துச் சக்கர வண்டி 25 டன்னிலிருந்து 28 அளவுக்கு வந்தது அப்போதுதான். எனக்கு அந்த முடிவில் அன்றும் உடன்பாடில்லை, இன்றும் இல்லை. 10.2லிருந்து 11.5 போனாலே ஒற்றை அச்சின் சேதம் 1.6 மடங்கு. காகிதத்தில் எடையை ஏற்றினார்கள், ஏற்கெனவே போட்டுக் கிடந்த ரோடுகளின் கனம் அதற்காகக் கூடிவிடவில்லை. இனி ஓவர்லோடு இருக்காது என்று அப்போது பேசினார்கள். நம் கண் முன்னால் என்ன நடந்தது? பலகை இன்னும் உயரமாக ஏறியது.

மோட்டார் வாகனச் சட்டம் 194ஆம் பிரிவில், 2019 செப்டம்பரிலிருந்து அபராதம் 20,000 ரூபாய், அதிகமாக இருக்கிற ஒவ்வொரு டன்னுக்கும் இன்னொரு 2,000. மருமகன் வண்டி 38 டன்னில் பிடிபட்டால் 40,000 ரூபாய். எடை போட மறுத்துப் போனாலும் அதே 40,000. அதிக எடையை இறக்குகிற கூலியும் நம் தலையில்தான். அபராதத்தைக் கட்டிவிட்டு அப்படியே ஓட்டிக்கொண்டு போகலாம் என்று பையனுக்கு யாராவது சொல்லியிருந்தால், அது தப்பு. ஒரு காலத்தில் சில மாநிலங்கள் பணம் வாங்கிக்கொண்டு கோல்டு கார்டு என்று ஒன்று கொடுத்து ஓவர்லோடு வண்டிகளை விட்டன. 2005இல் பரம்ஜித் பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியது. அதிகமாக உள்ளதை இறக்காமல் வண்டி நகரக் கூடாது என்றது.

அந்தப் பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. ஓட்டுகிறவர் மட்டுமில்லை, அப்படி ஓட்டச் செய்கிறவரும், ஓட்ட விடுகிறவரும் குற்றவாளி என்கிறது. என் ஆசையெல்லாம் இந்த வரியை எடுத்துக்கொண்டு கிரஷர் வாசலுக்குப் போக வேண்டும் என்பதுதான். ரோட்டில் நடுராத்திரி ஒரு ஆள் நின்று எத்தனை வண்டியை மறிக்க முடியும்? ஒன்றைப் பிடித்தால் பின்னால் வருகிறவனுக்குப் போனில் தகவல் போய்விடுகிறது, அவன் ஊருக்குள் புகுந்து போகிறான். அந்தத் தெரு ரோடும் சேர்ந்து போகிறது. சரக்கு வெளியே போக நடைச்சீட்டு போடுகிற இடத்திலேயே எடை மேடையில் ஏற்றி, 28 டன்னுக்கு மேல் காட்டினால் கேட்டைத் திறக்காமல் இருந்தால் போதும். எல்லா வண்டிக்கும் ஒரே எடை என்றால் வாடகை தானாக ஏறும். டீக்கடைப் பையன்கூட அதைத்தான் சொன்னான், "எல்லாத்துக்கும் ஒண்ணா நிறுத்தட்டும், நான் நாளைக்கே கம்மியா ஏத்துறேன்" என்று.

அதுவரைக்கும் மருமகன் ஒருத்தன் மட்டும் அளவோடு ஏற்றினால் எப்படிப் பிழைப்பான், கடன் தவணை எப்படிக் கட்டுவான் என்று நீ கேட்டால், நியாயமான கேள்வி. நான் விசாரித்த வரையில், அரசு வேலைகளுக்கும் பெரிய ரெடிமிக்ஸ் கான்கிரீட் பிளாண்டுகளுக்கும் சரக்கு எடுக்கிறவர்களில் டன் கணக்கில் எடை மேடைச் சீட்டைப் பார்த்து வாடகை கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். வருமானம் கொஞ்சம் குறையும், மறைக்க மாட்டேன். ஆனால் டயரும் பட்டையும் நிற்கும், ராத்திரி தூக்கம் வரும். அவனை அப்படி ஒரு இடத்தில் சேர்த்துவிட முடியுமா என்று பழைய சிநேகிதர்களிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.

சாரல் முடிவதற்குள் ஒரு தடவை வந்து போ. மருமகனையும் கூட்டிக்கொண்டு வா. காலையில் நாம் மூன்று பேரும் அந்த ரோட்டுக்குப் போவோம். மட்டப் பலகையை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை, அவன் கையாலேயே இரண்டு பக்கமும் வைத்துப் பார்க்கட்டும். பிறகு ஐந்தருவியில் குளித்துவிட்டு, பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிடலாம். என் தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

பாடி கட்டுகிற பட்டறையில் பலகைக்குத் தகடு வெட்டிவிட்டார்களா? இன்னும் வெட்டவில்லை என்றால், இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே எனக்கு ஒரு போன் போடு.

அன்புடன்,
உன் மச்சான்