அது கோபம் இல்லை, தம்பி

அன்புள்ள தம்பி,

போன வாரம் போனில், "என் மேல் இன்னும் கோபமாம்மா?" என்று கேட்டாய். என்ன சொல்வதென்று தெரியாமல் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம்.

நீ சிங்கப்பூரை விட்டுப் பெர்த்துக்குப் போனது பிடிக்காமல்தான் அம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். மருமகளும் அப்படியே நினைக்கிறாளாம், அப்பா சொன்னார். இல்லையப்பா. எனக்கு உடம்பும் மனசும் சரியில்லாமல் இருந்தது. மகனிடம் மாதவிலக்கு நிற்பதைப் பற்றி எப்படிப் பேசுவது என்று கூச்சம். என் அம்மாவும் எனக்குச் சொன்னதில்லை. ஐம்பது வயதை ஒட்டி உன் பாட்டி மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வீட்டில் எல்லோரும் பிடிவாதம் என்றார்கள், நானும்தான் சொன்னேன். இப்போது அதை நினைத்தால் தாங்க முடியவில்லை.

எனக்கு 48 வயதில் ஆரம்பித்தது. ஒரு மாதம் வரும், இரண்டு மாதம் வராது. ராத்திரியில் நெஞ்சிலிருந்து கழுத்துக்குச் சூடு ஏறும், நைட்டி தொப்பலாக நனைந்துபோகும். மாற்றிக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்து எதிர் புளோக்கின் நடைபாதை விளக்குகளையே பார்த்துக்கொண்டிருப்பேன், முதல் எம்ஆர்டி ரயில் ஓடும் சத்தம் கேட்கும்வரை. தூக்கம் போனது, அப்புறம் பசி, அப்புறம் ஆசை என்று ஒவ்வொன்றாகப் போனது.

ஒருநாள் அரைத்து வைத்த இட்லி மாவு பொங்கி வழிந்து, மேடையில் ஓடி, சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். துடைக்க வேண்டும் என்று தெரிகிறது, ஆனால் துணியை எடுக்கக் கை எழவில்லை. அப்பா வேலை முடிந்து வந்தபோது மாவு காய்ந்து ஒட்டிப்போயிருந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. உட்கார்ந்து கரண்டியால் சுரண்டி எடுத்தார்.

அந்தத் தீபாவளிக்குத்தான் நீங்கள் இரண்டு பேரும் வந்திருந்தீர்கள். சிராங்கூன் சாலை விளக்குகளைப் பார்க்கத் தேக்காவுக்குக் கூட்டிப்போனாய். நான் தலை நிமிராமல் நடந்தேன். அத்தனை வெளிச்சத்தில் ஒன்றுகூட எனக்குள் இறங்கவில்லை, தம்பி. உன்னிடம் கோபம் காட்டுவதற்குக்கூட எனக்குத் தெம்பு இல்லை.

முதலில் பார்த்த டாக்டர் "வயசானால் அப்படித்தான்" என்று தூக்க மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். அதிலேயே பல மாதம் வீணானது. பிறகு எதிர்வீட்டு மலாய் அக்கா லிஃப்டில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தனக்கும் இந்த வயதில் இப்படி இருந்தது, மருந்து சாப்பிட்டுத்தான் சரியானது என்று கூச்சமே இல்லாமல் சொன்னார். அடுத்த வாரமே அரசாங்கப் பாலிகிளினிக் போனேன்.

அங்கே இருந்த டாக்டரம்மா அவசரப்படவில்லை. தைராய்டும் ரத்தசோகையும் இருக்கிறதா என்று முதலில் ரத்தம் எடுத்துப் பார்த்தார். பிள்ளை பெற்ற பிறகு மனம் சோர்ந்திருந்ததா என்று கேட்டார். நீ பிறந்தபோது இருந்தது. அப்படி இருந்தவர்களுக்கு இந்த வயதில் மனச்சோர்வு வர வாய்ப்பு அதிகமாம். மாதவிலக்கு நிற்கப்போகும் வருடங்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சீராகக் குறைவதில்லை, ஏறி ஏறி இறங்குகிறது. மூளையில் மனநிலையைப் பார்த்துக்கொள்ளும் செரோடோனினும் அதனால் ஆட்டம் காண்கிறது என்றார். கடைசியில், "காலையில் கண் விழிக்காமலே போனால் தேவலை என்று தோன்றியதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. இதைப் படித்துப் பதறாதே. அப்படித் தோன்றினால் எந்த நேரத்திலும் 1767 என்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடச் சொன்னார். அப்பா அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்திருக்கிறார்.

குறைந்துபோகும் ஹார்மோனை மருந்தாகக் கொடுக்கும் ஹார்மோன் சிகிச்சை பற்றியும் பேசினோம். 2002இல் அமெரிக்காவில் வந்த பெரிய ஆய்வுக்குப் பிறகு எல்லோரும் அதைக் கண்டு பயந்தோமே, இப்போது 60 வயதுக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்கள் பலருக்கு நன்மைதான் அதிகம் என்றார். எனக்கு முன்பு காலில் ரத்தம் உறைந்ததால் அது வேண்டாம் என்று மனச்சோர்வு மாத்திரை கொடுத்தார். முதல் மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை, வயிற்றைப் புரட்டியதுதான் மிச்சம். ஐந்தாவது வாரம் ஒருநாள் விடியும்வரை தூங்கினேன். அந்த மாத்திரையே ராத்திரிச் சூட்டையும் தணித்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மனநல ஆலோசகரிடம் பேசினேன். மாதவிலக்கு முழுதாக நின்று 12 மாதம் ஆனால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படித் தீரவில்லை. இப்போது 53. நன்றாக இருக்கிறது என்று நானாக மாத்திரையை நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். இன்னும் சில நாள் மனசு கனமாகத்தான் விடிகிறது. அன்றைக்குச் சமையலை விட்டுவிட்டு அப்பாவோடு ஈசூன் குளத்தைச் சுற்றி நடந்துவிட்டு வருகிறேன்.

இதை மருமகளுக்கும் படித்துக் காட்டு. அவளுடைய அம்மாவுக்கும் இந்த வயதுதானே, எப்படி இருக்கிறார் என்று அவளைக் கேட்கச் சொல். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிடு. உனக்கும் எனக்கும் ஒரே நேரம்தான். இந்த முறை நானே எடுக்கிறேன்.

அன்புடன்,
அம்மா