கன்று நடுவதற்கு முன், நிற்கும் மரங்களை எண்ணுங்கள்: கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

விளவங்கோடு வட்டத்தில், கைவிடப்பட்ட ஒரு கல்குவாரியின் கரையில் குடியிருக்கிறேன். அந்த இடத்தைச் சுத்தம் செய்து குறுங்காடு வளர்க்கப் போவதாக ஊரில் பேச்சு. போன மாதம் இரண்டு பேர் வந்து டேப் பிடித்து அளந்தார்கள். "முதல்ல ஜேசிபி விட்டுப் புதரையெல்லாம் வழிச்சு எடுத்துருவோம், பிறகு கன்று நடுவோம்" என்றார் ஒருவர். மரம் வளர்க்க நினைத்ததற்கு மனமார்ந்த நன்றி. ஆனால் அவர் புதர் என்று சொன்னது எங்களுக்குக் காடு.

அந்தக் குவாரியில் என் அப்பா கல்லுடைத்தவர். பாறையில் தமர் போட்டு, அதாவது துளையிட்டு, வெடிமருந்து அடைத்து, விசில் ஊதி வெடி வைப்பார்கள். அடுக்களையில் பாத்திரங்கள் குலுங்கும். அப்போது சுவரில் விழுந்த விரிசல் இன்னும் இருக்கிறது. குழி ஆழமாக ஆக, எங்கள் கிணறு வற்றியது. எடுக்க வேண்டிய கல்லை எடுத்துக்கொண்டு ஒருநாள் போய்விட்டார்கள். குழியைச் சுற்றி வேலியும் போடவில்லை, ஒரு செடியும் வைக்கவில்லை. மிச்சம் கிடந்தது கல்பொடியும் மழைத் தண்ணீரும்தான்.

முதலில் வந்தது கம்யூனிஸ்ட் பச்சை என்று நாங்கள் சொல்லும் களைச்செடி. அடுத்து வட்டை மரம். பிறகு குயிலும் காக்கையும் எச்சமிட்ட விதைகளில் இருந்து அத்தியும் ஆலும். அயனி என்னும் காட்டுப்பலாவை வௌவால் கொண்டுவந்திருக்க வேண்டும். தெற்குப் பக்கப் பாறைச் சுவரில் தமர் போட்ட தடங்கள், நெடுக்குவாட்டில் பிளந்த குழாய்கள் போல வரிசையாகத் தெரியும். அதில் ஒரு தடத்துக்குள் ஆலின் வேர் ஒன்று இறங்கியிருக்கிறது. ஒரு விரலகலம்கூட வெளியே பிதுங்காமல், மூன்று ஆள் உயரத்துக்கு இறங்கித் தண்ணீரைத் தொட்டுவிட்டது. கடைசிக் காலத்தில் அதைப் பார்க்கவென்றே அப்பா தடியூன்றி வருவார். "அது நான் போட்ட தமராக்கும்" என்பார்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் பக்கம் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. குவாரிக்குள் இருந்தவற்றில் நாலைந்து வட்டை மட்டும் முறிந்தது. ஆலும் அத்தியும் நின்றன. வற்றிய கிணற்றிலும் இப்போது சித்திரையில் தண்ணீர் கிடக்கிறது.

இதற்கு மதிப்புப் போடச் சொன்னால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். முந்திரி ஆலைக்குப் போகும் பெண்கள் சாயங்காலம் பஸ் இறங்கியதும் நேரே வீட்டுக்குப் போவதில்லை. கையில் முந்திரித் தோட்டின் கறையோடு அந்த அத்தி மூட்டில், மரத்தடியில், சற்று உட்காருவார்கள். பேசக்கூட மாட்டார்கள், சும்மா இருப்பார்கள். ஒரு அக்கா சொன்னார்: "வீட்டுக்குப் போனா இந்தப் பத்து நிமிசம் கிட்டாது மக்களே." இதை எந்தக் கணக்கெடுப்பில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? வருவாய்ப் பதிவேட்டில் இந்த இடம் பாறைப் புறம்போக்கு. அதைப் படிப்பவருக்கு அங்கே ஒரு மரம்கூட இல்லை என்றுதான் தோன்றும்.

எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. இரவில் கோழிக்கழிவைக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். கரை வழுக்கும், தண்ணீர் எத்தனை ஆள் ஆழம் என்று யாருக்கும் தெரியாது. பிள்ளைகளை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. எனவே முதலில் வேண்டியது வேலிதான், கன்றுகள் அல்ல.

ஜெர்மனியின் ரூர் பகுதியில் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு கரிக்கழிவு மேடுகளில் பிர்ச் மரங்கள் தாமாக முளைத்தன. அவற்றை வழித்தெறியாமல் வளரவிட்டு, பாதை போட்டு, நகரத்து மக்கள் நடக்கும் காடாக்கினார்கள். நம் நாட்டில் குருகிராமில் சுரங்கம் தோண்டிய சுமார் 390 ஏக்கர் நிலத்தை ஊர்க்காரர்களும் மாநகராட்சியும் சேர்ந்து ஆரவல்லி மலையின் சொந்த மரங்களால் காடாக மீட்டார்கள். அதன் வழியே நெடுஞ்சாலை வருகிறது என்றதும் மக்களே எதிர்த்து நின்றார்கள். நட்டவர்கள் அவர்கள் என்பதால் காக்கவும் வந்தார்கள். எங்கள் இடத்தில் நடாமலே வளர்ந்திருக்கிறது. காக்க நாங்கள் இருக்கிறோம்.

சுரங்கம் தோண்டி முடித்த நிலத்தில் மீண்டும் புல்லும் செடியும் வளரச் செய்வது குத்தகைதாரரின் பொறுப்பாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் உத்தரவிட்டது. கனிமத் தொழிலால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கென்றே மாவட்ட கனிம அறக்கட்டளை நிதி இருக்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்பும் அதன் முன்னுரிமைப் பணிகளில் ஒன்று. வேலிக்கும், கழிவு வண்டிகளைத் தடுக்க ஒரு கேட்டுக்கும், ஒரு காவலாளிக்கும் அதிலிருந்து ஒதுக்கினால் போதும். ஜேசிபி வேண்டாம். கன்று நட்டே ஆக வேண்டுமென்றால் கல்பொடி மேட்டில் வடக்கு ஓரம் வெறுமையாகக் கிடக்கிறது, அங்கே அயனியும் புன்னையும் வையுங்கள். தண்ணீர் ஊற்ற நாங்கள் வருகிறோம்.

முடிவெடுக்கும் முன் வனத்துறையிலிருந்து ஒருவரை அனுப்பி, எங்களையும் கூட்டிக்கொண்டு ஒரு சுற்று நடந்து, நிற்பது என்னென்ன மரம் என்று எழுதச் சொல்லுங்கள். நீங்களே வந்தால் இன்னும் சந்தோஷம். மாலை ஐந்தரைக்கு வாருங்கள், அந்த அக்காமார் அத்தி மூட்டில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
குவாரிக்கரையில் குடியிருப்போரில் ஒருவர்
விளவங்கோடு வட்டம்